மேகம் திறப்பு விழா

அமைச்சர் வருவதற்காக மேகத்தைக் கட்டி வைத்திருந்தார்கள்.

ஊசிக்கரடு என்கிற குன்றின் உச்சியில் அது கருகருவென்று நின்றது. கரட்டின் மேல் கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. அடிவாரத்துக்கு இப்பால், வெள்ளரிப்பாளையத்தில் ஒரு பொட்டுத் தூறல் இல்லை. ஊர் முழுக்கத் தோரணம், வாழைமரம், அமைச்சர் பல் தெரியச் சிரிக்கும் பதாகைகள். ஒலிபெருக்கியில் ஒருவர், "மாண்புமிகு அமைச்சர் அவர்கள் இதோ வந்துகொண்டே இருக்கிறார்" என்று காலையிலிருந்து அறிவித்துக்கொண்டிருந்தார். அந்த 'இதோ'வைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம்கூடக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை.

மேகத்தைக் கட்டுகிற மேகத்தறி நிலையத்தின் ஜன்னலருகே நின்றிருந்த மங்கையர்க்கரசிக்கு அந்தக் குரலைக் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வந்தது. நிலையத்தின் தலைமை அதிகாரி அவள்தான். வானிலையில் முனைவர் பட்டம் வாங்கி, இந்தத் தறியை வடிவமைத்த குழுவில் பல வருடம் மாடாக உழைத்து, கடைசியில் இன்றைக்கு அவளுக்குக் கிடைத்த வேலை இதுதான்: மேடையில் அமைச்சர் ஒரு பொத்தானை அழுத்துவார், நிலையத்தில் மணி அடிக்கும், மணி சத்தம் கேட்டதும் அவள் மேகத்தை அவிழ்த்துவிட வேண்டும். கோயில் யானையை அவிழ்த்துவிடும் பாகனுக்குக்கூட இதைவிடக் கொஞ்சம் மரியாதை உண்டு.

அணையில் தண்ணீர் திறக்கும்போது பூத்தூவிக் கும்பிட்டு, சக்கரத்தில் கைவைத்துப் படம் எடுத்துக்கொள்வது நம் அமைச்சர்களின் பழக்கம். தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடுவதற்கே ஓர் அமைச்சரின் கை தேவைப்படுகிற ஊரில், மேகத்தைக் கட்டிவைக்கும் கருவி வந்தபின் மேகத்துக்கும் திறப்பு விழா வைக்காமல் விடுவார்களா? வைத்தார்கள். அழைப்பிதழில் 'மேகம் திறப்பு விழா' என்றே பொன்னெழுத்தில் அச்சடித்திருந்தார்கள். முதல் மழை மேடை மேல் விழும்போது அமைச்சர் குடையை விலக்கிவிட்டு நனைவதாக ஏற்பாடு.

அமைச்சரின் உதவியாளர் ஞானவடிவேல் உள்ளே வந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, காதில் எப்போதும் ஒட்டியிருக்கும் போன். வந்ததும் வராததுமாக அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாம் ரெடிதானேம்மா? மேகம் ஓடிகீடிப் போயிராதே?"

"போகாது" என்றாள் மங்கை.

"கயிறு மாதிரி ஏதாச்சும் இருக்கும்னு நெனைச்சேன். ஒண்ணையும் காணோமே."

கருவிப் பலகை முன்னால் உட்கார்ந்திருந்த பெனடிக்ட் சிரிப்பை அடக்கத் தெரியாமல் இருமினான். தூத்துக்குடிக்காரன்; தறியை இயக்குவது அவன் வேலை. மங்கை அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உதவியாளர் பக்கம் திரும்பினாள். ஒரு சின்னக் குழந்தைக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள். அந்த ஆள் அதைக்கூட மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

"கயிறு இல்லைங்க. கரட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையா கோபுரம் நிக்குது, பார்த்தீங்களா? அது தரைக்காத்தைச் சூடு பண்ணும். இன்னைக்குக் கிழக்கே இருந்து சூடும் ஈரமுமா ஒரு காத்து வருது. காலையில கரட்டுல பெஞ்ச மழையில குளுந்துபோன காத்து அங்க படுத்துக் கிடக்குது. அது மேல இது ஏறுது. ஏறுற இடத்துல மேகம் பொறக்குது. அந்த இடம் மாறாம நாங்க பார்த்துக்கறோம். அவ்வளவுதான்."

"அப்ப மேகம் அங்கயே நிக்குதே?"

"நிக்கலைங்க. பெஞ்சு முடிச்சது நகர்ந்து போய்க் கரையுது. அதே இடத்துல பின்னாலயே இன்னொண்ணு பொறக்குது. ஸ்டேஷன்ல நின்னு கூட்ஸ் வண்டியைப் பார்த்தா பெட்டி மாத்திப் பெட்டி வந்துட்டே இருக்குமே, அப்படி. பெட்டிக எல்லாம் போய்ட்டேதான் இருக்குது. அடியில இருக்கற கரட்டுக்குத்தான் மழை விடறதே இல்லை."

"நல்லதுதானேம்மா? மழை பெய்யோணும்னுதானே இத்தனையும்?"

"கொஞ்ச நேரம் பெஞ்சா நல்லது. ஏரி குளம் நெறையும். ஆனா இன்னைக்கு மேல காத்தே இல்லை. கட்டாம விட்டாலே ஊர்ந்து ஊர்ந்து போற மேகம் இது. அதையும் புடிச்சுக் கட்டி வெச்சா, ஒரு வருசத்து மழை ஒரே கரட்டு மேல விழும். இந்த மாதிரி நாள்ல கட்டவே கூடாதுன்னு நாங்களே விதி எழுதி வெச்சிருக்கோம்."

ஞானவடிவேல் பொறுமையாகச் சிரித்தார். "விதியை எழுதினவங்களே கொஞ்சம் தள்ளியும் வெக்கலாம். இன்னைக்கு விட்டா அடுத்த நல்ல நாள் தேர்தலுக்கு அப்புறம்தான் வருது."

"அமைச்சர் இப்ப எங்க இருக்கார்?"

"வழியில ஒரு காதுகுத்து. அதை முடிச்சுட்டு ஒரு உடற்பயிற்சிக்கூடம் திறக்கறார். வந்துட்டே இருக்கார்."

உடற்பயிற்சிக்கூடம். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிற மனிதர், அங்கே இரும்புக் குண்டைத் தூக்குவது போலப் படம் எடுத்துக்கொண்டிருப்பார். தூக்கியதும் நாலு பேர் கைதட்டுவார்கள். அந்த நாலு பேரும் கைதட்டி முடிக்கும்வரை வானம் காத்திருக்க வேண்டும். மங்கை தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

"மேடம்" என்றான் பெனடிக்ட். அவன் குரலில் சிரிப்பு போயிருந்தது. "கரட்டு மழைமானியப் பாருங்க. போன சீசன் பூரா காட்டாத அளவ இப்பமே காட்டுது. உப்புப்பள்ளத்துத் தலைப்புல தண்ணி ஏற ஆரம்பிச்சிட்டு."

உப்புப்பள்ளம் என்பது கரட்டில் தலைப்பெடுத்து இறங்கி ஊரை ஒட்டிப் போகிற காட்டாறு. ஆறு என்று சொன்னால் அதற்கே வெட்கமாக இருக்கும். கடைசியாக அதில் தண்ணீர் எப்போது ஓடியது என்று ஊரில் ஒருவருக்கும் நினைவில்லை. மணல்தான்; வெள்ளை வெளேரென்று, பாய் விரித்தது போன்ற மணல். அது வெறுமனே கிடக்கிற பள்ளம்தானே, தண்ணீர் வந்தாலும் யாருக்கு என்ன என்று மங்கை மனதைத் தேற்றிக்கொண்டாள். நிலையத்திலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடக் கட்டடம் மறைக்கும், பள்ளம் தெரியாது.

அப்போதுதான் அக்கா தெய்வாத்தாள் போனில் வந்தாள்.

தெய்வாத்தாள் உள்ளூர் மகளிர் குழுவின் தலைவி. எந்தக் கட்சி, எந்த அமைச்சர் என்ற பேதமெல்லாம் அவளுக்குக் கிடையாது. யார் வந்தாலும் ஆரத்தித் தட்டோடு முதல் வரிசையில் நிற்பாள். அக்காவின் இந்தப் பிழைப்பைப் பற்றி மங்கைக்கு இருந்த அபிப்பிராயத்தை வெளியே சொன்னால் குடும்பத்தில் பேச்சுவார்த்தை நின்றுவிடும்.

"ஏம் புள்ள, உன்ற மேகம் எப்பத்தான் வரும்? வெக்கை தாங்கல. அமைச்சரும் வந்தபாடில்ல, மழையும் வந்தபாடில்ல."

"நீ எங்கக்கா உக்காந்திருக்க?"

"பந்தல்லதான். ஜமக்காளம் விரிச்சிருக்காங்க. மணலு மெத்து மெத்துன்னு சொகமா இருக்குது."

"மணலா? எந்த மணல்?"

"உப்புப்பள்ளத்துலதான். வேற எங்க இத்தன சனத்த உக்கார வெக்கறது? வந்த பஸ்ஸு லாரி பூராம் இங்கதான் நிக்குது."

மங்கை போனைக் கையால் பொத்திக்கொண்டு ஞானவடிவேலைப் பார்த்தாள். "பந்தல் பள்ளிக்கூட மைதானத்துலன்னுதானே எங்களுக்குச் சொன்னீங்க?"

"மேடை மைதானத்துலதாம்மா. கூட்டத்துக்குத்தான் இடம் பத்தல. சுத்தி எல்லாம் பட்டா நிலம், ஒருத்தனும் குடுக்கமாட்டேங்கறான். பள்ளம்னா புறம்போக்கு, ஒருத்தர்கிட்டயும் கேக்க வேண்டியதில்லை. சமதளமா வேற இருந்துச்சு. மேடையத் திரையில காட்ட ஏற்பாடு பண்ணியாச்சு."

எப்பேர்ப்பட்ட மூளை! மழைக்கு விழா எடுக்கிறவர்கள், மழைத்தண்ணீர் வருகிற வழியிலேயே ஜமக்காளம் விரித்துச் சனங்களை உட்கார வைத்திருக்கிறார்கள். திட்டம் போட்டுக் கொல்ல நினைத்தவன்கூட இவ்வளவு பொருத்தமாக இடம் பார்த்திருக்க மாட்டான்.

"அக்கா, உடனே எந்திரி. எல்லாரையும் கூட்டிட்டு மேல பள்ளிக்கூடத்துக்கு வா. பள்ளத்துல வெள்ளம் வரப்போவுது."

போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "வெள்ளமா? ஏ நாச்சம்மா, கேட்டியா, வெள்ளம் வருதாம்! இங்க வெயிலு பல்லைக் காட்டிட்டு நிக்குது. போடி."

"கரட்டுல பெய்யறது கீழ வராம எங்கக்கா போகும்? சொன்னாக் கேளு."

"அமைச்சர் வர்ற நேரத்துல நாங்க எந்திரிச்சுப் போனா, ஆரத்தியக் கொளத்துப்பாளையம் குழுவுக்குக் குடுத்துருவாங்க. அவளுக பக்கத்துல தட்டோட காத்துக்கிட்டு நிக்கறாளுக. நீ படிச்சவ, உனக்கு இதெல்லாம் புரியாது." போனை வைத்துவிட்டாள்.

மங்கை ஞானவடிவேலிடம் மைக்கில் அறிவிக்கச் சொன்னாள். அவர் பதறிப்போனார். வெள்ளத்துக்காகப் பதறியிருந்தால் அவரை மனிதர் என்று சொல்லலாம்.

"வெள்ளம்னு மைக்ல சொன்னா கூட்டம் கலைஞ்சிரும்மா!"

"கலையத்தான் சொல்றேன்."

"கலைஞ்ச கூட்டத்தை மறுபடி யாரு கூட்டறது? ஒவ்வொரு ஊரா பஸ் அனுப்பிக் கூட்டிட்டு வந்திருக்கோம். அமைச்சர் காலி மணலைப் பார்த்துக் கையசைக்கறதா?"

"சார், அங்க இருக்கறவங்க செத்துப் போயிருவாங்க."

"கெட்ட வார்த்தை பேசாதீங்கம்மா, நல்ல நாளும் அதுவுமா." அவர் தன் போனிலேயே சென்னையில் இருந்த இயக்குநரைப் பிடித்து அவள் கையில் கொடுத்தார்.

இயக்குநர் ரத்தினசபாபதியும் ஒரு காலத்தில் விஞ்ஞானிதான். மேகம் எப்படிப் பிறக்கிறது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் அவருக்கும் பங்கு உண்டு. இப்போது அவர் படிக்கிற ஒரே வானிலை அமைச்சரின் முகம்.

"மங்கை, நிலைமை புரியுது. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. அவர் வந்து பொத்தானை அமுக்கினதும் விட்டுடலாம்."

"சார், மழைமானியப் பார்த்தீங்களா? உங்க திரையிலயும் தெரியுமே."

"பார்த்தேன்."

"பார்த்துட்டுமா சொல்றீங்க?"

"இந்த போன்ல ரொம்பப் பேச வேண்டாம்" என்றார். இணைப்பு அறுந்தது.

கரட்டின் மேலே புதிய மேகம் ஒன்று பிறந்து பழையதின் இடத்தை நிறைப்பதைத் திரை காட்டிக்கொண்டிருந்தது. மங்கை கணக்குப் போட்டாள். தலைப்பில் ஏறிய தண்ணீர் வந்தே தீரும். அதை இனி யாராலும் திருப்ப முடியாது. ஆனால் இன்னும் விழப்போவதை நிறுத்தலாம். அதைவிட முக்கியம், மேகத்தை அவிழ்த்தால், கரட்டில் தேங்கிய குளிர்காற்று சரிவில் புரண்டு இறங்கி மழையை நேரே இந்த ஊர்ப்பக்கம் கொண்டுவரும். இந்தச் சனம் சொல்லுக்கு எழுந்திருக்காது, நனைந்தால் எழுந்திருக்கும். வெள்ளம் வந்து சேரும்முன் மழை வந்து சேர வேண்டும்.

அவள் கருவிப் பலகைக்குப் போனாள். பெனடிக்ட் எழுந்து நின்றான்.

"மேடம், நானே அணைக்கேன். கை தவறிப் பட்டுட்டுன்னு சொல்லிருவோம்."

"நீ ரெண்டு கையையும் கட்டிட்டு அந்த மூலையில நில்லு. அணைச்சது நான்தான்னு சொல்றதுக்கு ஒரு சாட்சி வேணும்."

அவள் ஒவ்வொரு கோபுரமாக அணைத்தாள். ஞானவடிவேலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அம்மா, மணி அடிக்கலையே! இன்னும் மணி அடிக்கலையே!" என்று அலறினார். அன்று முழுவதும் அவர் மனதாரப் பேசிய வார்த்தை அது ஒன்றுதான்.

முதலில் காற்று வந்தது. புழுதியை வாரிக்கொண்டு வந்து, அமைச்சரின் பதாகைகளைப் பல்லோடு சேர்த்துக் கிழித்தது. சாமியானாக்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு எழும்பின. பிறகு மழை, ஆலங்கட்டியோடு. அமைச்சருக்காகக் காலையிலிருந்து பசியும் வெக்கையும் பொறுத்து உட்கார்ந்திருந்த கூட்டம், நாலு ஆலங்கட்டி தலையில் விழுந்ததும் எழுந்து மேட்டுக்கு ஓடியது. பள்ளிக்கூடத்து வகுப்பறைகளிலும் நடைகளிலும் நெருக்கியடித்துக்கொண்டு நின்று, அவிழ்த்துவிட்டவளைத் திட்டித் தீர்த்தது. பட்டுப்புடவை நனைந்தவர்களுக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

உப்புப்பள்ளத்தில் வெள்ளம் வந்தது அதற்குப் பிறகுதான். இரைச்சல் முதலில் வந்தது. அடுத்து வேரோடு பிடுங்கிய கருவேலமரங்கள். அப்புறம் காப்பித் தண்ணீர் நிறத்தில் ஒரு சுவர். ஜமக்காளங்கள், நாற்காலிகள், பிரியாணி அண்டாக்கள், பஸ்கள், லாரிகள் எல்லாவற்றையும் அது ஒரே வாரலாக வாரிக்கொண்டு போனது. ஆட்கள் எல்லோரும் மேட்டில் இருந்தார்கள், ஒருத்தியைத் தவிர. தெய்வாத்தாளின் கூட்டாளி நாச்சம்மாள், ஜமக்காளத்து ஓரத்தில் கழற்றி விட்டிருந்த புதுச் செருப்பை எடுக்கத் திரும்பிப் போயிருந்தாள். மகள் வாங்கிக் கொடுத்த செருப்பு. அவளைக் கீழே செங்குளத்து மதகருகே எடுத்தார்கள். ஒரு கையில் ஒற்றைச் செருப்பு இருந்தது.

அமைச்சரின் கார் பாதி வழியில் திரும்பிப் போய்விட்டது.

விசாரணைக் குழு அமைத்தார்கள். மூன்று பெரிய மனிதர்கள்; மூன்று பேரிலும் மழைமானியைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. மங்கை வரைபடங்களோடு போனாள். கரட்டில் விழுந்த மழை, பள்ளத்தில் ஏறிய நீர், அணைத்த நேரம் என்று எல்லாவற்றையும் விளக்கினாள். நடுவில் உட்கார்ந்திருந்தவர் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு கேட்டார்.

"மேகம் கட்டியிருந்தவரைக்கும் ஊருக்குள்ள வெள்ளம் வந்துச்சாம்மா?"

"வரலை. ஆனா மேல..."

"நீங்க அவுத்துவிட்ட பிறகு வந்துச்சா?"

"வந்துச்சு. ஆனா அது ஏற்கெனவே..."

"அப்புறம் என்னம்மா வேணும்?"

பக்கத்தில் இருந்த இருவரும் இதில் என்ன சந்தேகம் என்பது போலத் தலையாட்டினார்கள். அறிக்கை அப்படியே வந்தது. அதிகாரி அவசரப்பட்டு, உரிய அனுமதியில்லாமல் மேகத்தை அவிழ்த்துவிட்டதால் வெள்ளம் ஏற்பட்டது. செய்தித்தாள்களும் அதையே எழுதின. 'அவிழ்த்தார், அழித்தார்' என்று ஒரு பத்திரிகை மோனையோடு தலைப்புப் போட்டது. மழை பெய்த இடத்துக்கும் வெள்ளம் வந்த இடத்துக்கும் நடுவே ஒரு மலைச்சரிவு இருக்கிறது என்பதை யோசிக்க யாருக்கும் நேரமில்லை. ரத்தினசபாபதிக்கு நேரம் இருந்திருக்கும், வாய்தான் இல்லை.

ஊர் பேசியது போகட்டும். மங்கை நாச்சம்மாளின் காரியத்துக்குப் போனபோது தெய்வாத்தாள் வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"அவளைக் கொன்னுட்டு மொகத்தக் காட்ட வந்தியா? அமைச்சர் வர்ற மட்டும் அதக் கட்டி வெச்சிருந்தா உனக்கு என்னடி கெட்டுப்போச்சு?"

பள்ளத்தில் உட்கார்ந்திருந்த தெய்வாத்தாள் இன்றைக்கு உயிரோடு நின்று திட்டுகிறாள் என்றால், அது ஏன் என்று மங்கையால் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை. செத்த வீட்டு வாசலில் வரைபடம் விரிக்க முடியாது. செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். அன்றிலிருந்து அக்கா தங்கைக்குள் பேச்சு நின்றது. வழியெல்லாம் அவளுக்கு அழுகையாக வந்தது. அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

மங்கையைச் சென்னைக்கு மாற்றி, புள்ளிவிவரப் பிரிவில் ஒரு மேசை கொடுத்தார்கள். பெய்து முடிந்த மழையைக் கூட்டிக் கழிக்கிற வேலை. அரசு இனி இப்படி ஒரு விபத்து நடக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தது. அதனால் தறியின் நிறுத்து விசையின் மேல் ஒரு பூட்டைப் போட்டு, பொன்முலாம் பூசிய சாவியை அமைச்சரிடமே ஒப்படைத்தது. இனி மேகத்தை அவிழ்க்க வேண்டுமானால் மாண்புமிகு அமைச்சர் தன் கையால்தான் அவிழ்க்க முடியும். இதற்குப் பாதுகாப்பு நடவடிக்கை என்று பெயர். அந்தச் சாவியை வழங்கவும் ஒரு விழா நடந்தது.

அடுத்த வருடம் மேகத்தைத் திரும்பக் கட்டினார்கள்.

மங்கை அதைத் தன் மேசைத் திரையில் பார்த்தாள். அதே ஊசிக்கரடு. அதே சூட்டுக் காற்று குளிர்காற்றின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. அதே அசையாத கறுப்பு. அவள் பெனடிக்டைக் கூப்பிட்டாள்.

"எப்ப இருந்து கட்டியிருக்கீங்க?"

"காலையிலேருந்து மேடம்." அவன் குரல் அழுகிற மாதிரி இருந்தது. "போன தடவைய விட ஜாஸ்தி. குடம் குடமா ஊத்துது."

"அணைச்சுத் தொலை."

"எதை மேடம் அணைக்க? விசை பூட்டிக் கெடக்கு. சாவி அமைச்சர் பையில. கரண்டப் புடுங்கலாம்னா அந்த ரூம்ல ரெண்டு போலீஸ்காரங்க நிக்காங்க. நான் எந்திரிச்சாலே முறைக்காங்க."

"அமைச்சர் எங்க?"

"வந்துட்டே இருக்காராம்."

"கூட்டத்தைப் பள்ளத்துலயா உக்கார வெச்சிருக்காங்க?"

"இல்ல மேடம். பள்ளம் ஆபத்துன்னு அறிக்கையோட கடைசிப் பக்கத்துல எழுதினதப் படிச்சிட்டாங்களாம். அதனால இந்தத் தடவ பந்தல செங்குளத்துக்குள்ள போட்டிருக்காங்க."

உப்புப்பள்ளத்துத் தண்ணீர் போய் விழுகிற குளம்தான் செங்குளம். வற்றிக் கிடக்கும்போது நல்ல சமதளம். கேட்க ஆளில்லாத புறம்போக்கு.

மங்கைக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தாள், பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். சிரித்து முடிப்பதற்குள் மாவட்ட அலுவலகத்தைக் கூப்பிட்டாள். "அமைச்சர் விழா நடந்துட்டிருக்கு மேடம், அப்புறமாக் கூப்பிடுங்க" என்று ஒருவர் வைத்துவிட்டார். இயக்குநர் அவள் எண்ணைப் பார்த்ததுமே எடுக்கவில்லை. இனி கூப்பிட ஒருத்திதான் பாக்கி. போன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தாள்.

"என்ன?" என்றாள் தெய்வாத்தாள். ஒரு வருடக் கோபம் முழுக்க அந்த ஒரு சொல்லில் இருந்தது. பின்னால் ஒலிபெருக்கி 'இதோ, இதோ' என்று இரைந்துகொண்டிருந்தது.

எழுந்து ஓடு அக்கா, வெள்ளம் வருகிறது என்ற வார்த்தை மங்கையின் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கினாள். உண்மையைச் சொல்லி ஒருமுறை பார்த்தாயிற்று. அதற்கு அந்தக் கூட்டத்தில் என்ன மரியாதை என்று அவளுக்குத் தெரியும். எதற்கு மரியாதை என்றும் தெரியும்.

"நீ இன்னும் குளத்துக்குள்ளயா உக்காந்திருக்க?" என்றாள். குரலை எரிச்சல் போல வைத்துக்கொண்டாள். "அமைச்சர் மொதல்ல மேட்டுக் கோயிலுக்குத்தான் வர்றாராம். ஆரத்தி அங்கதானாம். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லலையா?"

"ஆரு சொன்னா?"

"இங்க சென்னையில எல்லாரும் அதைத்தான் பேசறாங்க. கொளத்துப்பாளையம் குழுவுக்கு அப்பவே தகவல் போயிருச்சாம். அவங்க கெளம்பிட்டாங்களாம்."

செங்குளத்துக் கரைக்கு மேலே, பாறை மேட்டில் நிற்கிற அந்தக் கோயில் மங்கையின் கண்முன் நின்றது. எந்த வெள்ளமும் எட்டாத உயரம்.

"அவளுகளா!" என்று வெடித்தாள் தெய்வாத்தாள். "எனக்குத் தெரியும்டி, அவளுக தட்ட மறைச்சுட்டுப் போறப்பவே நெனைச்சேன். ஏ, எந்திரிங்கடி! அமைச்சர் மேட்டுக் கோயிலுக்கு வர்றாராம்! தட்டை எடுங்க!"

"அமைச்சரா? எங்க?" என்று ஓர் ஆண்குரல் கேட்டது. "மேட்டுக்கா? என்கிட்ட ஒருத்தனும் சொல்லலையே!" அந்தக் குரல் இன்னொருவரிடம் கத்தியது, அவர் இன்னொருவரிடம் கத்தினார். நாற்காலிகள் சரிகிற சத்தம். மாலை வைத்திருந்தவர்கள் மாலைக்காகவும், மனு வைத்திருந்தவர்கள் மனுவுக்காகவும், ஒன்றும் இல்லாதவர்கள் மற்றவர்கள் ஓடுகிறார்களே என்பதற்காகவும் எழுந்தார்கள். ஒலிபெருக்கிக்காரர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டுச் சொல்லிப் பழக்கப்பட்டவர் இல்லை அவர்.

"மாண்புமிகு அமைச்சர் அவர்கள் மேட்டுக் கோயிலுக்கு இதோ வந்துகொண்டே இருக்கிறார். அனைவரும் உடனடியாக மேட்டுக் கோயிலுக்கு வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

மங்கை போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அக்கா அதை அணைக்க மறந்து கையில் பிடித்தபடியே ஓடுகிறாள் போல. வளையல் சத்தமும் மூச்சு வாங்குவதும் கேட்டது. நூற்றுக்கணக்கான கால்கள் காய்ந்த குளத்து மண்ணை மிதித்து ஓடுகிற சத்தம் கேட்டது. யாரோ ஒருத்தி பின்னாலிருந்து, இரு அக்கா, செருப்பை எடுத்துட்டு வந்தர்றேன் என்று கூப்பிட்டாள்.

"செருப்பு கெடக்கட்டும்டி, அமைச்சர் வந்துருவாரு!" என்று கத்தினாள் தெய்வாத்தாள். "அப்படியே ஓடியா!"